கருவியைக் கெடுத்த மாணவர்

கோடை விடுமுறை வந்தால் புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கல்லூரிப் பசங்களுக்கு 'இன்பிளான்ட் டிரெயினிங்' ஜுரம். பலர் எதையும் தொடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு சர்டிபிகேட்டோடு திரும்புகிறார்கள். தொட்டால் கெட்டுவிடுமாம்!

1928 கோடையில் சென்னை பிரசிடென்சி கல்லூரி மாணவர் எஸ்.சந்திரசேகர், கல்கத்தாவில் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். வயது 17. சில நாளிலேயே சோதனைக் கருவியைக் கெடுத்துவிட்டார். (சித்தப்பா லேப் என்பது வசதிதான், மறுப்பதற்கில்லை.) ஆனாலும் அங்கேயே இருந்தார். விண்மீன்களைப் பற்றிய எடிங்டனின் புத்தகத்தில் மூழ்கினார். காம்ப்டன் விளைவை விண்மீன்களின் உட்பகுதியோடு பொருத்தி அவர் எழுதிய முதல் கட்டுரை, அதே ஆண்டு 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் வந்தது. நோபல் பரிசு 1983-ல்.

புதுவாயல் பசங்களுக்கும் ஒரு மாதம், ஒரே கருவி என்று கொடுத்துப் பார்க்கலாம். கெட்டால் என்ன, லேப் ஃபீஸ்தான் வாங்கியாச்சே!