மின் சிக்கனம்: ஊருக்கு ஊர் ஏன் இந்த வித்தியாசம்?



மின் கட்டணம் கட்டும் நாள் வந்தால்தான் நமக்கு மின்சாரத்தின் நினைவே வருகிறது. அந்தக் கட்டணத்தைக் குறைத்துத் தருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. எரிசக்தி சேவை நிறுவனம், சுருக்கமாக 'எஸ்கோ' என்பார்கள். பழைய விளக்கு, மோட்டார், குளிர்சாதனங்களை அவர்களே முதல் போட்டு மாற்றித் தருவார்கள். மிச்சமாகும் கட்டணத்தில் ஒரு பங்கை ஒப்பந்தக் காலம் முடியும்வரை எடுத்துக்கொள்வார்கள்.

இதில் நாட்டுக்கும் லாபம் உண்டு. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் மின்தொகுப்பும் மற்றவற்றோடு இணைந்துவிட்டது. எனவே மதுரையில் ஒரு யூனிட் மிச்சமானாலும் சூரத்தில் மிச்சமானாலும் பலன் ஒன்றுதான். ஆனால் எஸ்கோ திட்டங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேரூன்றவில்லை. ஏன்?

சீனாவைப் பாருங்கள். 1998இல் உலக வங்கி உதவியோடு பெய்ஜிங், லியாவோனிங், ஷான்டோங் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இத்தகைய நிறுவனங்கள் தொடங்கின. சொத்து இல்லாத புதுக் கம்பெனிகளுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. 2003இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் கடனுக்கு உத்தரவாதம் தரும் ஏற்பாடு வந்தது. அதன் பிறகே தொழில் நாடெங்கும் பரவியது.

நம் நாட்டில் மத்திய அரசு மின் நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் இ.இ.எஸ்.எல். நிறுவனத்தைத் தொடங்கின. 2014இல் புதுச்சேரியில் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பை 10 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த பல்பு 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 அக்டோபர் புயலில் சீரழிந்த விசாகப்பட்டினத்தில் சுமார் 90,000 தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாறின. ஆனால் அந்த பல்புத் திட்டத்தில் குஜராத்தில் 4 கோடிக்கு மேல் பல்புகள் போயின. தமிழ்நாட்டில் 50 லட்சத்தைத் தாண்டவில்லை. நம் கடைகளில் விற்ற பல்புகள் இந்தக் கணக்கில் சேராது என்பது உண்மையே. ஆனாலும் இடைவெளி பெரிது.

எல்லா ஊரிலும் எரிவது அதே பல்புதான். யார் பொறுப்பேற்றுப் பணம் பட்டுவாடா செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்பது நம் கருத்து. தெருவிளக்கு மாற்றிக்கொண்ட உள்ளாட்சிகள் பல, பாக்கி வைத்து இழுத்தடித்ததும் செய்திகளில் வந்ததே. பாக்கி நிற்கும் ஊருக்கு யாரும் மறுபடி சரக்கு அனுப்புவதில்லை.

இதில் சிறு கடைக்காரருக்கு இடம் உண்டா? 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி மாட்டி, தினம் 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 162 யூனிட் மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 1,620 ரூபாய். இரண்டு விசிறிக்காக எந்தக் கம்பெனியும் ஒரு கடைப்படி ஏறாது. 100 கடைகள், 200 விசிறிகள் என்றால் 32,400 யூனிட். சுமார் 23 டன் கரியமில வாயுவும் குறையும். அப்போது பேச வருவார்கள்.

ஆகவே நம் சங்கமே கடைகளை ஒன்று சேர்த்து ஒரே ஒப்பந்தமாகப் பேச வேண்டும். முதலில், கடந்த 12 மாத மின் கட்டண ரசீதுகளைத் திரட்டிப் பழைய செலவை இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கடை நேரம் கூடினாலோ கட்டணம் உயர்ந்தாலோ கணக்கு எப்படி என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். மூன்றாவது, தவணை சங்கத்தின் மூலம் குறித்த தேதியில் போய்ச் சேர வேண்டும். தவறும் உறுப்பினருக்காக ஒரு சிறு காப்பு நிதியும் தேவை.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். நாணயத்துக்குப் பேர் போன நம் பஜார்கள் இதைச் செய்து காட்ட முடியும். வரும் செயற்குழுவில் இதை விவாதித்து ஆவன செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.