குப்பைக்கு இயந்திரம் மட்டும் போதாது

குப்பையை எரித்து மின்சாரம் பெறுவதற்கும் பசளையாக மாற்றுவதற்கும் அரச நிதியில் புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை எமது நாட்டில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு. பெரும்பாலும் ஓர் அனர்த்தத்தின் பின்னரே அது நிகழ்கின்றது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே ஆட்சியாளர்கள் விழித்துக் கொண்டனர்.

கெரவலப்பிட்டியில் 10 மெகாவாட் மின்னுற்பத்தி நிலையம் 2021 இல் இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்தது தனியார் நிறுவனமே. ஆயினும், அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தின் கீழ் மின்சார சபை கொள்வனவு செய்வதென்பதே ஏற்பாடு. ஆகவே, முதலீடு தனியாருடையதாயினும் சுமை மக்களுடையது என்பதை மறந்துவிடலாகாது. எமது குப்பையில் பெரும்பகுதி ஈரம் மிகுந்த சமையலறைக் கழிவாகும். அதனை எரிப்பது இலகுவானதுமல்ல, மலிவானதுமல்ல.

கொழும்பின் குப்பையை ரயிலில் ஏற்றிச் சென்று கொட்டுவதற்கென அருவக்காட்டில் அரச நிதியில் நிலம் தயாரிக்கப்பட்டது. சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகையையும் ஏற்கனவே சுமந்த புத்தளம் மக்கள், 2018 இலும் 2019 இலும் வீதிக்கு இறங்கினர். தலைநகரின் கழிவுக்குத் தாம் ஏன் இடமளிக்க வேண்டும் என்ற அவர்களது கேள்வியில் நியாயம் இருந்தது.

நாம் இங்கு விசேடமாகச் சுட்டிக்காட்ட விரும்புவது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டையாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2008 இல் அமைக்கப்பட்ட அந்தக் கழிவகற்றல் நிலையம், வெறும் குப்பைத் திடலாக மாறிப் போனது. யானைகளைத் தடுக்கும் மின்வேலி 2014 இல் மின்னல் தாக்கிச் சேதமடைந்தது. அதனைத் திருத்துவதற்கு எவரும் முன்வரவில்லை. பொலித்தீனை உட்கொண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகின. நிலையம் அமைக்கக் கோடிகள் கிடைத்தன. வேலியைத் திருத்தத்தான் பணமிருக்கவில்லை!

2008 இல் ஆரம்பிக்கப்பட்ட ‘பிலிசரு’ திட்டத்தின் கீழ் பல உள்ளூராட்சி சபைகளுக்குச் சேதனப் பசளை நிலையங்கள் கிடைத்தன. ஆனால், வீட்டிலேயே தரம் பிரிக்கப்படாத குப்பையிலிருந்து கிடைக்கும் பசளையில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்திருக்கும். அதனை எந்த விவசாயி வாங்குவான்? இரசாயன உர இறக்குமதி 2021 இல் தடை செய்யப்பட்ட வேளையில் அரசாங்கம் சேதனப் பசளைக்காகச் சீனாவை நாடியது. கிருமிகள் உள்ளதெனக் கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. ஆயினும், அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. உள்ளூரில் ஒரு சில நிலையங்களையேனும் சீராக்க அப்பணம் உதவியிருக்கும்.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. கல்லுண்டாய்க்கோ கல்முனைக்கோ புதிய இயந்திரம் கோரும் பிரேரணை எதுவும் சபைக்கு வருமாயின், உறுப்பினர்கள் அதன் விலையை மட்டும் விசாரித்துவிட்டுக் கையுயர்த்தக் கூடாது. பத்து வருடங்களுக்கு எரிபொருள், உதிரிப்பாகம், ஆளணி ஆகியவற்றுக்கான பணத்தை வழங்கப்போவது திறைசேரியா, சபையா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கழிவைத் தரம் பிரித்துச் சேகரிக்கும் தொழிலாளர்களுக்கான சம்பளமும் அதே மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். அவையின்றி வரும் எந்தப் பிரேரணையையும் திருப்பி அனுப்புமாறு சபைகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.