மலிவாகக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்: விலையும் மதிப்பும் ஒன்றா?



தீபாவளி வியாபாரம் முடிந்த சில வாரங்கள்தாம் ஏழாயிரம்பண்ணையில் கைகளில் பணம் புழங்கும் காலம். ஆலையில் உழைத்தோருக்கு போனஸ் வந்திருக்கும். கடை போட்டவருக்கு வசூல் முடிந்திருக்கும். வண்டி ஓட்டியவருக்கு வாடகைப் பாக்கி தீர்ந்திருக்கும். அத்தகைய நாளொன்றில், ஜும்ஆத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு தகப்பனார் நம்மிடம் தம் கைப்பேசியை நீட்டினார். திரையில் சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுகள் கொண்ட ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. வயது 12 ஆண்டுகள். கர்நாடகப் பதிவு எண். மதுரையில் ஒரு விற்பனையாளரிடம் நிற்கிறது. விலை 11 இலட்சம்.

"பாய், புதுசுல அஞ்சு மடங்கு விலை போன வண்டியாம். மகன் ஒத்தக்கால்ல நிக்கிறான். லாபந்தானே?" என்று கேட்டார்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று வினவினோம். 6 இலட்சம் வீட்டில் இருக்கிறது. தம்பதியர் இருவரும் ஹஜ்ஜுக்கென ஆண்டுக்கணக்கில் சேர்த்த தொகை அது. மீதியைப் பைனான்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்பது மகனின் திட்டம். கேள்வி ஒரு காரைப் பற்றியது மட்டுமன்று என்பது அப்போதே விளங்கிற்று. இவ்வாறான கேள்வி இன்று பல வீடுகளில் எழுவதால், நம் கருத்தை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நல்ல வாகனத்தின்மீது ஆசைப்படுவது குற்றமன்று. வசதியான வாகனம் மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என நபிமொழியில் வந்துள்ளது. மதீனாவில் நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பந்தயத்திற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு நெடுந்தூரமும், மற்றவற்றுக்குக் குறைந்த தூரமும் வகுத்தார்கள். இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். ஆகவே, வேகத்தை விரும்பும் பிள்ளையை "ஷைத்தானின் ஆசை" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவது நியாயமாகாது. அவனுடைய வாதத்தைக் கேட்டு, பதிலை அறிவோடு கூற வேண்டும்.

அந்தப் பிள்ளையின் வாதமும் வெறும் பிடிவாதமன்று. "புதுக் கார் வாங்கினால் ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலேயே மதிப்பு இறங்கிவிடும். இந்தக் காரோ இறங்க வேண்டியதெல்லாம் இறங்கிவிட்டது. இரண்டாண்டு ஓட்டிவிட்டு ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுவிடலாம்" என்றான். இதில் பாதி உண்மை உண்டு. முதல் சில ஆண்டுகளில்தான் காரின் விலை வேகமாகச் சரியும். அந்த நட்டத்தை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். மறுபாதியைத்தான் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. காரின் விலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கலாம். அதன் உதிரிபாகங்களின் விலை குறையவில்லை. அதை வாங்குபவர் 11 இலட்சம் ரூபாய்க் காரை வாங்கினாலும், பராமரிக்க வேண்டியது 50 இலட்சத்திற்கு மேற்பட்ட காரையே.

இந்த உண்மையைத் தமிழ்நாட்டு வரலாறே நமக்குக் கற்பித்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணிக் கரையின் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கின. ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் அங்கே தங்கிச் சென்றதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி ஒரு குதிரைக்கு 220 தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே பணம் கொடுத்தது. அவ்வளவு கொடுத்தும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. காரணமாக அவர் கூறுவது, இந்நாட்டில் குதிரைக்கு லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர் இல்லை என்பதே. அத்தகையோரை வணிகர்களும் உடன் அழைத்து வரவில்லை. குதிரைகள் இறந்தால்தானே மறுஆண்டும் விற்கலாம்! பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம், பாடம் பழுதற்றது. வேகமான வாகனத்தின் மதிப்பு அதன் கால்களில் மட்டும் இல்லை. அதைப் பேணத் தெரிந்த கைகள் அருகில் இருக்கின்றனவா என்பதிலும் இருக்கிறது.

ஏழாயிரம்பண்ணையில் நின்று இதே கேள்வியைக் கேட்போம். சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் உள்ளனர். ஆனால் இத்தகைய கார்களின் கியர்பாக்ஸைக் கணினி பொருத்திச் சோதிக்கும் வசதிக்கு மதுரைக்கோ அதற்கு அப்பாலோ செல்ல வேண்டும். நாம் கலந்துபேசிய ஒரு மெக்கானிக், கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி பழுதானால் அந்த ஒரு வேலைக்கே 2 இலட்சத்தைத் தாண்டும் என்றார். தரையோடு ஒட்டி ஓடும் கார் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிற்றை உரசும். ரப்பர் மெலிந்த அதன் டயர்கள் ஒரு பள்ளத்தில் விழுந்தாலே சக்கரத்தோடு சேர்ந்து பழுதாகும். இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 12 ஆண்டுப் பழைய கார் அந்தக் கலவைக்கென வடிவமைக்கப்பட்டதன்று. வெளிமாநிலப் பதிவென்பதால் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டின் சாலை வரியையும் கட்ட வேண்டும். 15 ஆண்டு நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய் ஆகவும், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய் ஆகவும் உயர்ந்தது. இவற்றுள் எதுவும் அந்த 11 இலட்சத்தில் அடங்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பெரும் பெயர்கள்தாம் என்பதுமில்லை. 2015இல் ஃபியட் நிறுவனம் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோவை 10 இலட்சத்திற்குச் சற்றுக் குறைவான விலையில் இந்தியாவில் வெளியிட்டது. பழைய கார்ச் சந்தையில் அதை விரும்பித் தேடுவோர் இன்றும் உண்டு. ஆனால் அந்நிறுவனம் இந்தியாவில் தன் பெயரில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே, அதை வாங்குமுன்னும் "பாகம் எங்கே கிடைக்கும், யார் மாட்டித் தருவார்?" என்னும் கேள்விக்கே முதலில் விடை தேட வேண்டும். விடை கையில் இருந்தால் அது நல்ல பேரமாகக்கூட அமையலாம்.

அடுத்தது ஆவணங்கள். புனேயில் உருவான டிசி அவந்தி என்னும் இந்திய ஸ்போர்ட்ஸ் காரைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரே காரைப் பலமுறை பதிவு செய்து பல கடன்கள் பெறப்பட்டன என்னும் குற்றச்சாட்டில், அதை வடிவமைத்த நிறுவனத்தின் நிறுவனரை மும்பைக் காவல்துறை 2020 டிசம்பரில் கைது செய்தது. குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. நமக்கான எச்சரிக்கை யாதெனில், பளபளக்கும் வண்டியைக் காணுமுன் ஆர்.சி. புத்தகத்தைக் காண வேண்டும் என்பதே. கடன் அடைந்துவிட்டதா, அடமானக் குறிப்பு நீக்கப்பட்டதா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஆர்.டி.ஓ. பதிவுகளில் சரிபார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

வெள்ளத்தையும் மறந்துவிடலாகாது. 2023 டிசம்பரில், அன்று குதிரைகள் இறங்கிய அதே கரையோரத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கியது. நீரில் மூழ்கிய கார் கழுவி மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவதுண்டு. பிரேக்கையும் காற்றுப்பையையும் இயக்கும் மின்னணுச் சாதனங்கள் அதில் எப்போது கைவிடும் என்று எவராலும் சொல்ல இயலாது. சிறு கவனக்குறைவுக்கு உயிரை விலையாகக் கொடுத்த பகுதி நம்முடையது. இதைக் கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

இனி, விற்பவரின் கடமை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்து, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். குறையை மறைத்து விற்றால் வியாபாரத்தின் பரக்கத் அழிக்கப்படும் என்றும் எச்சரித்தார்கள். ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்திற்குப் பேசி முடிக்கப்பட்டது. அதைக் கண்ட அவர்கள், "உம் குதிரை இதைவிட மதிப்புடையது" என்ற பொருள்பட விற்றவரிடம் கூறி, விலையைப் படிப்படியாகத் தாமே உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் செய்த உறுதிமொழியே அதற்குக் காரணம். விலை மலிவாக அமைந்தது என்று மகிழ்வதோடு நில்லாமல், உரிய மதிப்பு என்ன என்று கேட்ட மனம் அது.

வாங்குபவருக்கும் மார்க்கம் பாதுகாப்பு அளித்துள்ளது. பேரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு தோழருக்கு, "ஏமாற்று கூடாது" என்னும் நிபந்தனையைச் சொல்லியே வாங்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். மூன்று நாள் அவகாசம் கேட்டு நிபந்தனையிடுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். பழைய கார் வாங்கும் நம்மவர் இந்த உரிமையைத் துணிந்து கேட்கட்டும். மூன்று நாளும், ஒரு மெக்கானிக்கின் சோதனையும் தர மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவதே நலம்.

எல்லாவற்றினும் முதன்மையானது பணத்தின் மூலம். வட்டிக் கடனில் வாங்கும் பொருள் எவ்வளவு மலிவாயினும் ஒரு முஸ்லிமுக்கு அது மலிவன்று. ஹஜ்ஜுக்குரிய வசதி வந்துவிட்டால் அந்த ஆண்டே நிறைவேற்ற வேண்டும் என்பது ஹனஃபி அறிஞர்களின் வலுவான கருத்து. தாமதிக்கலாம் என்னும் ஷாஃபிஈ அறிஞர்களும் நிறைவேற்றும் உறுதியை நிபந்தனையாக வைக்கின்றனர். மேலும், நம் பகுதியின் வருமானம் பருவத்தை நம்பியது. 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை நாம் கண்டோம். மாதத் தவணையோ ஆலை பூட்டியிருக்கிறது என்பதற்காகக் காத்திருக்காது.

ஆகவே நம் முடிவு இது. பேணத் தெரிந்தவர் அருகில் இருந்து, வண்டியின் வரலாறும் ஆவணமும் திறந்த புத்தகமாக இருந்து, கடனோ கடமையோ தொடாத உபரிப் பணமும் கையில் இருந்தால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் தவறில்லை. அப்போதும் வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது பழுதுக்கென ஒதுக்கிவைப்பது நலம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மலிவு வெறும் தோற்றமே. நம் ஊரின் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது இன்று மதிப்புள்ள பேரமன்று என்றே கருதுகிறோம்.

அந்தப் பிள்ளையிடம் "வாங்காதே" என்று நாம் சொல்லவில்லை. "ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா" என்றோம். சென்றான். மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே மறைந்திருந்த பகுதியில் சேற்றுக் கறை. இருக்கையின் அடித்தண்டவாளத்தில் துரு. விற்பவரிடம் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா பார்த்து வாங்குறது உங்க பொறுப்பு" என்றாராம். பிள்ளை ஒன்றும் பேசாமல் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தான்.

இரண்டு வாரம் கழித்து அவன் தன் பழைய மோட்டார் பைக்கை விற்க முனைந்தான். வாங்க வந்தவரிடம், நான்காம் கியரில் சத்தம் வருகிறது என்று அவனாகவே சொல்லியிருக்கிறான். விலையில் 4,000 ரூபாய் குறைந்தது. அதைச் சொன்னபோது அவனுடைய அத்தாவின் முகத்தில் வருத்தமில்லை. ஹஜ் விண்ணப்பம் பற்றி விசாரித்துவிட்டுச் சென்றார்.

வல்ல ரஹ்மான் நம் வியாபாரங்களில் உண்மையையும், வாகனங்களில் பாதுகாப்பையும், செல்வத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.