யமுனையில் விஷம்: ஆளைத் தேடும் அரசியல், குழாயை மறந்த நிர்வாகம்

புது தில்லி: தில்லி சட்டப்பேரவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள்களே இருந்த நிலையில், 2025 ஜனவரி 27-ஆம் தேதி, ஆம் ஆத்மி கட்சியின் தேசிய ஒருங்கிணைப்பாளர் அரவிந்த் கேஜரிவால் ஒரு குற்றச்சாட்டைக் கூறினார். ஹரியாணாவை ஆளும் பாஜக அரசு யமுனை நீரில் விஷம் கலந்து தலைநகருக்கு அனுப்புகிறது. குடிநீர் வாரியப் பொறியாளர்கள் அதை எல்லையிலேயே தடுத்திராவிட்டால் தில்லியில் ஏராளமானோர் உயிரிழந்திருப்பார்கள் என்பதே அதன் சாரம்.

அடுத்த சில நாள்களுக்குத் தேர்தல் களத்தில் வேறு பேச்சே எழவில்லை. என்ன விஷம், எவ்வளவு, எந்த இடத்தில் கண்டறியப்பட்டது என்று கேட்டுத் தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தில்லி குடிநீர் வாரியத்தின் தலைமைச் செயல் அதிகாரியே இக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று எழுத்துமூலம் மறுத்தார். தில்லியில் இருக்கும் தானும் இதே தண்ணீரைத்தான் குடிப்பதாகப் பிரசாரக் கூட்டத்தில் பிரதமர் மோடி குறிப்பிட்டார். ஹரியாணா முதல்வர் நாயப் சிங் சைனி யமுனைக் கரைக்கே சென்று, கேமராக்களின் முன்னால் ஆற்று நீரைக் கையில் அள்ளிப் பருகினார்.

தேர்தலில் 70 இடங்களில் 48-ஐப் பெற்று பாஜக ஆட்சியைப் பிடித்தது. விஷப் பேச்சு ஓய்ந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் இருந்த உண்மையான பிரச்னை தேர்தலோடு முடிந்துவிடவில்லை.

விஷமா, கழிவா?

தேர்தல் ஆணையத்துக்கு அளித்த பதிலில் கேஜரிவால் சுட்டிக்காட்டியது அமோனியாவை. யமுனையில் அதன் அளவு பத்து லட்சத்தில் 7 பங்கு வரை உயர்ந்துவிட்டதாக அவரது தரப்பு கூறியது. தில்லியின் சுத்திகரிப்பு நிலையங்களால் ஏறத்தாழ 1 பங்கு வரையில்தான் சமாளிக்க இயலும்.

அமோனியா உயர்வு தில்லிக்குப் புதிதல்ல. குளிர்காலத்தில் ஆற்றில் நீரோட்டம் குறையும்போது, ஹரியாணாவின் பானிபட், சோனிபட் பகுதிகளிலிருந்து வரும் ஆலைக் கழிவும் ஊர்க் கழிவும் ஆற்றில் செறிவடைகின்றன. கிருமியைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின், அமோனியாவோடு வினைபுரிந்து தன் வலிமையை இழக்கிறது. இதனால் வஜிராபாத், சந்திராவல் நிலையங்களில் உற்பத்தி குறைக்கப்படுகிறது. நகரின் பல பகுதிகளில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏற்படுகிறது. ஆண்டுக்காண்டு இதே காட்சிதான்.

இதை "விஷம்" என்று அழைத்ததில்தான் சிக்கல் தொடங்கியது. கழிவு என்றால், இரு மாநிலங்களும் மத்திய அரசும் ஆண்டுக்கணக்கில் எதைச் செய்யத் தவறின என்ற கேள்வி எழும். அதில் பத்தாண்டுகளுக்கும் மேலாக தில்லியை ஆண்ட கட்சியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விஷம் என்றால், கலந்தவர் யார் என்ற கேள்வி மட்டுமே எஞ்சும். மறுபுறம், விஷம் இல்லை என்று நிரூபித்தவர்கள், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டதாகவே நடந்துகொண்டனர். ஒரு கை நீரைப் பருகிக் காட்டுவது பரிசோதனை ஆகாது.

தலைநகரின் பழைய பாடம்

தில்லிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் இந்நகரில் சுமார் 29 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டதால், நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் எதிர்த்திசையில் ஏறி, வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை அடைந்ததே காரணம். அதிகாரிகள் படிகாரத்தையும் குளோரினையும் கூடுதலாகச் சேர்த்தனர். டைஃபாய்டு, வயிற்றுக்கடுப்பு போன்றவை பெருகவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வைரஸ் தப்பித்து வீடுகளுக்குள் நுழைந்தது.

அன்று பாதுகாத்து வைக்கப்பட்ட ரத்த மாதிரிகளை ஆராய்ந்து, அந்த நோய் ஏற்கெனவே அறியப்பட்ட ஏ, பி வகைக் கல்லீரல் அழற்சி அல்ல என்று அறிவியலாளர்கள் 1980-இல் அறிவித்தனர். அது ஹெபடைடிஸ் இ என்று இன்று அறியப்படுகிறது. நாட்டின் தலைநகரில் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ள எந்தச் சதிகாரனும் தேவைப்படவில்லை. ஒரு வடிகாலும், அதனருகே அமைந்த நீரேற்று நிலையமும் போதுமானதாக இருந்தன.

சூரத்தில் பரவிய வதந்தி

வதந்தி எப்போது வலுப்பெறுகிறது என்பதற்கு 1994-ஆம் ஆண்டு சூரத் நகரம் சான்று. செப்டம்பரில் மர்மக் காய்ச்சலால் உயிரிழப்புகள் தொடங்கியபோது, நகரின் குடிநீரில் விஷம் கலக்கப்பட்டுவிட்டது என்ற பேச்சு பரவியது. நுரையீரல் பிளேக் என்று மருத்துவர்கள் கூறிய அந்நோய், இருமலின்போது தெறிக்கும் துளிகள் மூலம் பரவுவது. குழாய் நீரால் வருவதல்ல. ஆயினும் அச்சம் அடங்கவில்லை. சில நாள்களில் லட்சக்கணக்கான மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

குப்பையும் தேங்கிய மழைநீரும் நிறைந்திருந்த நகரில், மாநகராட்சியின் சொல்லை நம்ப மக்களுக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை. 1995-இல் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ராவ், அதிகாரிகளைத் தினமும் அலுவலகத்திலிருந்து தெருவுக்கு அனுப்பினார். இரண்டே ஆண்டுகளுக்குள் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாக சூரத் பெயர் பெற்றது. நம்பிக்கையை மீட்டது மறுப்பு அறிக்கை அல்ல. கண்ணெதிரே நடந்த வேலை.

பாட்டிலிலும் நிம்மதி இல்லை

குழாயை நம்பாதவர்கள் பாட்டிலை நாடினர். அங்கும் 2003-இல் அதிர்ச்சி காத்திருந்தது. தில்லி, மும்பை பகுதிகளில் விற்கப்பட்ட முன்னணிப் பாட்டில் குடிநீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதாக, தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிப்ரவரியில் அறிவித்தது. ஆகஸ்டில் குளிர்பானங்கள் பற்றிய அறிக்கை வெளிவந்தது. நாடாளுமன்ற வளாகத்திலேயே அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியர்களுக்கு நஞ்சு ஊட்டுகின்றன என்று ஒரு தரப்பும், வணிகத்தைக் கெடுக்கச் சதி நடக்கிறது என்று மறுதரப்பும் முழங்கின.

சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. போஃபர்ஸ், இரு பங்குச்சந்தை முறைகேடுகள் ஆகியவற்றுக்குப் பின் அமைந்த நான்காவது கூட்டுக் குழு அது. குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பது உண்மையே என்று 2004 பிப்ரவரியில் அக்குழு அறிக்கை அளித்தது. ஆனால் யாரும் அதை வேண்டுமென்று கலக்கவில்லை. வயல்களில் தெளித்த மருந்து நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. அந்த நீரையே ஆலைகள் ஆழ்துளைக் கிணறுகள் மூலம் உறிஞ்சின.

இதைவிடக் கவலைக்குரிய உண்மையும் அப்போது வெளிவந்தது. பாட்டில் நீரில் பூச்சிக்கொல்லி "கண்டறிய இயலாத அளவில்" இருக்க வேண்டும் என்பதே அதுவரை இருந்த விதி. எதையும் எளிதில் கண்டறிய முடியாத பழைய சோதனை முறைகளே அதற்கு வகுக்கப்பட்டிருந்தன. சர்ச்சைக்குப் பின்னரே, ஒரு பூச்சிக்கொல்லிக்கு லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்தம் 0.0005 மில்லிகிராம் என்ற திட்டவட்டமான வரம்பு 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சர்ச்சையால் மக்களுக்குக் கிடைத்த நிலையான பலன் அந்த எண்தான், முழக்கங்கள் அல்ல.

எண்களும் அரசியலானபோது

எண்கள் வெளிவந்தாலும் அவற்றை அரசியல் விட்டுவைப்பதில்லை. 2019 நவம்பரில், 21 நகரங்களின் குழாய்நீர் பற்றிய இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஆய்வை மத்திய அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் வெளியிட்டார். மும்பை முதலிடம், தில்லி கடைசி இடம். தில்லியில் எடுத்த 11 மாதிரிகளும் தேறவில்லை. அவற்றுள் அமைச்சரின் ஜன்பத் சாலை இல்லத்துக் குழாய்நீரும் ஒன்று. சென்னையின் மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அரசியல் நோக்கத்துடன் வெளியிடப்பட்ட ஆய்வு என்று கேஜரிவால் அரசு மறுத்தது. இரண்டு கோடிப் பேர் வாழும் நகருக்கு 11 மாதிரிகள் போதாது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதத்துக்குரிய விடை, மேலும் பல மாதிரிகளை எடுத்து, பகுதிவாரியாக, மக்கள் படித்தறியும் வகையில் வெளியிடுவதே. இரு அரசுகளும் அதைவிட எளிதான வழியைத் தேர்ந்துகொண்டன. ஒன்றையொன்று குறை கூறின.

சட்டத்தின் நிலையும் தெளிவாக இல்லை. பாட்டில் நீருக்குத் தரச் சான்று 2001 முதல் கட்டாயமாக இருந்தது. குழாய்நீருக்கோ அத்தகைய கட்டாயம் இல்லை. அதைக் கொண்டுவர வேண்டும் என்று பாஸ்வான் அப்போது வலியுறுத்தினார். மாறாக, பாட்டில் நீருக்கான கட்டாயச் சான்று 2024 அக்டோபரில் விலக்கப்பட்டு, அடுத்த மாதமே அது அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்க்கப்பட்டது. குடிநீர் வழங்கல் அரசமைப்புச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலில் உள்ளது; ஆறுகளோ மாநில எல்லைகளைக் கடந்து ஓடுகின்றன. பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை.

யார் தலையில் சுமை?

வதந்தியின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வசதி படைத்தவர்கள் வீட்டில் சுத்திகரிப்புக் கருவியைப் பொருத்திக்கொள்கின்றனர். நடுத்தரக் குடும்பங்கள் இருபது லிட்டர் கேன் வாங்குகின்றன. தெருக்குழாயையும் லாரியையும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழி இல்லை. அஞ்சியபடியே அதைத்தான் குடிக்க வேண்டும்.

அவர்களை உண்மையில் நோயில் தள்ளுவது எது என்பது பொறியாளர்கள் நன்கறிந்த ஒன்று. நாளில் சில மணி நேரமே தண்ணீர் விடப்படும் குழாய், மற்ற நேரங்களில் வெறுமையாகக் கிடக்கிறது. அழுத்தம் இல்லாத அக்குழாயின் விரிசல்கள் வழியே, அருகில் செல்லும் சாக்கடையின் கசிவு உள்ளே புகுகிறது. வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது அது மேலும் இழுக்கப்படுகிறது. பின்னர் தண்ணீர் வந்ததும் முதல் குடத்தில் விழுவது அந்தக் கசிவுதான்.

தண்ணீரில் கை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சை மக்கள் நம்புவது அறியாமையால் மட்டும் அல்ல. கலங்கிய நீரைப் பற்றிப் பலமுறை புகார் அளித்தும் பதில் கிடைக்காதவர்களுக்கு, சதி என்ற விளக்கம் ஒன்றாவது கிடைக்கிறது. அந்த விளக்கத்தைத் தேர்தல் மேடையிலிருந்து அளிப்பவர்கள், மக்களின் நியாயமான அச்சத்தைத் தவறான திசையில் திருப்பிவிடுகின்றனர். உண்மையாகவே ஆபத்து வரும் நாளில், எச்சரிக்கையையும் இன்னொரு அரசியல் பேச்சாகவே மக்கள் ஒதுக்கிவிட நேரும்.

யமுனையில் அமோனியா மீண்டும் உயரும்போது, அதன் அளவையும், எந்த வடிகாலிலிருந்து வந்தது என்பதையும், எந்தப் பகுதிக் குழாய்நீர் குடிக்கத் தக்கதல்ல என்பதையும் அன்றன்றே அரசு அறிவிக்குமானால், விஷம் என்ற சொல்லுக்கு வேலை இருக்காது. அறிவிக்காவிட்டால், அந்த இடத்தை வதந்தியே நிரப்பும்.