சாக்கடை என்னும் வசைச்சொல்

சிற்றிதழ்ச் சண்டைகளில் எதிராளியின் எழுத்தைச் 'சாக்கடை' என்று ஏசுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஏசுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சாக்கடை எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டாவது ஏசலாம். பள்ளத்தை நோக்கி அது தானே ஓடும், பிறகு எங்கோ போய்ச் சேரும் என்பது படித்தவர்களின் பொது நம்பிக்கை. சென்னையைப் பொறுத்தவரை இது பாதிப் பொய். ஆபத்து அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

கழிவு குழாயில் படியாமல் நகர, நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் குழாய் சரிந்துகொண்டே போகவேண்டும். 150 மில்லிமீட்டர் தெருக்குழாய் என்றால், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 6 மீட்டர் அளவுக்கு ஆழம் கூடிவிடும். சென்னையோ கடலோரத் தட்டைநிலம். தோண்டத் தோண்ட ஊற்றுநீர் வரும் ஊர். ஆகவே ஆங்காங்கே கழிவைக் கிணற்றில் சேர்த்து, மோட்டார் வைத்து மேலேற்றி, அடுத்த குழாய்க்குத் தள்ளியாக வேண்டும். அரசுப் பலகை கழிவுநீர் உந்து நிலையம் என்றும், தெரு பம்பிங் ஸ்டேஷன் என்றும் சொல்வது இதைத்தான். இந்நகரில் இத்தகையவை 200க்கும் மேல். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நம் கழிவு இவற்றின் தோளேறியே போய்ச் சேருகிறது.

'எங்கள் தெருவில் இது வேண்டாம்' என்று மனுப்போடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் வர்க்கத்தினரே. நாற்றம் என்கிறோம். நாற்றம் உண்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மனுவின் செல்வாக்கால் நிலத்தின் சரிவு மாறிவிடாது. நிலையம் மட்டும் செல்வாக்கற்றவர்களின் குடியிருப்போரம் நகரக்கூடும். மழைக்காலத்தில் மொட்டைமாடி நீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடுவதும், மேன்ஹோல் மூடியைத் திறந்து தெருநீரை வடியவிடுவதும் யார்? அங்குள்ள மோட்டார் கழிவுநீரின் அளவுக்கு அமைந்தது, வெள்ளத்தின் அளவுக்கு அல்ல. இறைக்க முடியாதது பின்வாங்கி, இருப்பதிலேயே தாழ்ந்த வீட்டின் கழிப்பறை வழியே மேலே வருகிறது.

1858-இல் தேம்ஸ் நதியின் நாற்றம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தையே மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்தது. அதற்குப்பின் ஜோசப் பசல்ஜெட்டின் திட்டப்படி எழுந்த கிராஸ்னஸ் நிலையத்தை 1865-இல் வேல்ஸ் இளவரசரே வந்து திறந்துவைத்தார். அதன் வார்ப்பிரும்பு வேலைப்பாடு கோயில் மண்டபத்தை நினைவூட்டுவது. அங்கிருந்த நான்கு நீராவி இயந்திரங்களுக்கும் அரச குடும்பத்தாரின் பெயர்கள். (நம்மூரில் ஒரு தலைவரின் பெயரை அப்படி வைத்துப் பாருங்கள், தெரியும் சேதி!) அன்று கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலேயே விட்டார்கள் என்பது வேறு கதை. எனினும் தன் மலத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அந்நகரம் கூசவில்லை.

நாமோ மதிலெழுப்பி மறைக்கிறோம். மறைத்த இடத்தில் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. கழிப்பறையில் நாம் போடும் துணியும் நாப்கினும் மோட்டாரில் சிக்குகின்றன. தேங்கிய கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. அந்த வாயு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். மிகுந்துவிட்டால் முகரும் புலனையே மரக்கச்செய்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குகிறவர் மேலே வருவதில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சம் ஆக்கியது. தொகை மும்மடங்கானது, சாவு நிற்கவில்லை.

மனுப்போடத்தான் வேண்டுமா? மாற்று மோட்டார், ஜெனரேட்டர், வாயு அளக்கும் கருவி, குப்பையைத் தானே வாரும் சல்லடை, இவை ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கின்றனவா என்று கேட்டு மனுப்போடுவோம். எத்தனையோ கண்டன அறிக்கைகளுக்குக் கையெழுத்துத் திரட்டிய இலக்கியக் கூட்டங்களில் இதற்கும் ஒரு தாள் சுற்றிவரட்டும்.