சிந்து நதிக்கரையில் பிறந்தவன்

'திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை' என்ற கோட்பாட்டைக் குறித்துக் கத்தோலிக்கர்களிடையே நடந்துவரும் விவாதம் மிகப் பழையது. அதனை இறையியலாளர்களின் உள்வழக்கு என்று ஒதுக்கிவிட இலக்கிய வாசகர்களாகிய நம்மால் இயலாது. ஏனெனில், அக்கோட்பாட்டின் முன் நின்று மிகக் கூர்மையாக வினவியவன் ஒரு கவிஞன்.

'டிவைன் காமெடி'யின் விண்ணுலகப் பகுதியில், பத்தொன்பதாம் காண்டத்தில், தாந்தே நம் நிலப்பரப்பின் சிந்து நதியை நினைவுகூர்கிறான். கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத அந்நதிக்கரையில் பிறந்து, மாசற வாழ்ந்து, திருமுழுக்குப் பெறாமலே மடிகிற ஒருவனைத் தண்டிப்பது என்ன நீதி என்பதே அவனை அலைக்கழித்த ஐயம். நேரடியான விடை அவனுக்குக் கிட்டவில்லை. ஆயினும் அடுத்த காண்டத்திலேயே ரிஃபியஸ் என்ற டிராய் நகரத்தான் விண்ணுலகில் ஒளிர்வதைக் காண்கிறான். விர்ஜிலின் காவியத்தில் சில வரிகளே இடம்பெறும் சிறு பாத்திரம் அவன். அவனைப் படைத்த விர்ஜிலோ நரகத்தின் முதல் வட்டமான லிம்போவில் இருக்கிறான்! கோட்பாட்டுக்குள் அடங்காத ஏதோ ஒன்றைத் தாந்தே உணர்ந்திருந்தான் என்றே நாம் கருதுகிறோம்.

அக்கோட்பாடு பிறந்த சூழலையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் அதனைச் சொன்னபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் நற்செய்தியே எட்டாத தொலைநாட்டார் அல்லர். சபையைப் பிளந்து சென்றவர்கள். வீட்டாரை நோக்கிய எச்சரிக்கை அது. 1442-இல் ஃபுளோரன்ஸ் சங்கத்தின் ஆணையிலோ அவ்வெச்சரிக்கை புறச்சமயத்தார், யூதர் உள்ளிட்ட அனைவர்மீதும் தீர்ப்பாக விரிந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இதனை எழுத்தெண்ணிப் பற்றிநின்றவர் லியோனார்ட் ஃபீனி. கவிஞராகவும் கட்டுரையாளராகவும் பெயர்பெற்ற அமெரிக்க இயேசு சபைக் குரு. வெளியில் உள்ளோர்க்கு மீட்பே இல்லை என்று அவர் கூறிவர, 1949-இல் ரோமாபுரியிலிருந்து பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் வந்தது. கோட்பாடு மெய்யே, ஆயினும் தன்னையறியாமலே ஒருவர் உள்ளத்தில் உறையும் விழைவும் அவரைத் திருச்சபையோடு இணைக்கக்கூடும் என்றது அக்கடிதம். ஃபீனி இணங்கவில்லை. 1953-இல் அவர் சபைவிலக்கம் செய்யப்பட்டார். காரணமாகச் சொல்லப்பட்டது கீழ்ப்படியாமையே எனினும், வெளியே மீட்பில்லை என்று முழங்கியவரே வெளியே நின்ற விந்தையை வரலாறு பதிந்துகொண்டது. 1972-இல் அவர் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வாயிலை அகலத் திறந்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும், நேரிய உள்ளத்துடன் இறைவனைத் தேடி மனச்சான்றின்படி நடந்தால் மீட்படையலாம் என்றது. கார்ல் ரானர் அத்தகையோரைப் 'பெயரிலாக் கிறிஸ்தவர்' என்றழைத்தார். இதன் பரிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் அண்டை வீட்டாரைக் கேளாமலே நம் குடும்ப அட்டையில் அவர் பெயரைச் சேர்ப்பது போன்றதொரு சங்கடமும் இதில் உண்டு. அவர் தம் வழியிலேயே தேடினார், கண்டார் என்பதற்கு இங்கு இடமில்லை.

அந்த இடத்தைத் தேடியவர் ழாக் துப்புய். பெல்ஜியத்தில் பிறந்து, 1948 முதல் 1984 வரை இந்தியாவில் வாழ்ந்த இயேசு சபை இறையியலாளர். கிறிஸ்துவே மீட்பர் என்பதை அவர் கைவிடவில்லை. பிற சமயங்களும் இறைத்திட்டத்தில் பொருளுள்ள இடம் பெற்றவையா என்பதே 1997-இல் வெளிவந்த அவரது நூல் எழுப்பிய வினா. வத்திக்கானின் விசாரணை அவரைத் துரத்தியது. 2000-இல் 'தோமினுஸ் யேசுஸ்' அறிக்கை, பிற சமயத்தார் பெரிதும் குறைபட்ட நிலையில் உள்ளனர் என்றது. 2001-இல் அவரது நூலில் ஐயத்துக்கிடமான பகுதிகள் உள்ளதாக அறிவிப்பு வெளியாயிற்று. 2004-இல் அவர் மறைந்தார்.

கிறிஸ்துவை ஒரே மீட்பராக நம்பும் சபை மரியாதை கருதி அந்நம்பிக்கையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை; அது நேர்மையாகாது. ஆனால் நம்பிக்கை வேறு, பெயர்ப்பட்டியல் வேறு. திருமுழுக்குக்கு முன்பே குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனை தலைமுறைகளாக லிம்போ என்ற சொல்லைச் சுமந்தார்கள்! அது திருச்சபை அறுதியிட்டு வரையறுத்த போதனையாக என்றுமே இருந்ததில்லை. அக்குழந்தைகள் மீட்படைவர் என்று நம்புவதற்குக் காரணங்கள் உண்டெனப் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு சொன்னது 2007-இல்தான். வரையறுக்கப்படாத ஒன்றுக்கே அத்தாய்மார் கொடுத்த விலை அது.

தாந்தேயின் விண்ணுலகில், இறைவனை நேருக்கு நேர் காண்போரும் தேர்ந்துகொள்ளப்பட்டோர் அனைவரையும் தாம் அறியோம் என்று ஒப்புகிறார்கள். அந்த அறியாமை அவர்களுக்கு இனிமையாகவே இருக்கிறது. அவர்களுக்கே தெரியாத பட்டியலை மண்ணில் நிற்கும் எவரும் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை என்பதே நம் துணிபு.