பெல்ட்டுக்காக என்ஜினை இறக்குவது கொள்ளையா?

சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை பயம் வந்தது.

கட்டுரையாளர் சொல்வது இது: பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜினைச் சுற்றி இடமில்லை என்பது பட்டறைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. அவருடைய நண்பரின் ஃபெராரி 308-இல் ஒரு மெக்கானிக் என்ஜினை அசைக்காமலே டைமிங் பெல்ட் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆகவே 348-க்கும் டெஸ்டரோசாவுக்கும் என்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்பவன் ஏமாற்றுக்காரன். போதாக்குறைக்கு, ஷெட்டில் நிற்கிற வண்டிக்குப் பெல்ட்டே மாற்ற வேண்டியதில்லை என்றும் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டார்.

இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் இந்தக் கார்களின் அடியில் படுத்தே பதினெட்டு வருடம் ஓட்டியவன் நான். ஏமாற்றுக்காரன் என்ற சொல் என்னையும்தான் சுடுகிறது. ஆனால் என் மானத்தை விட, அவர் பேச்சைக் கேட்டு ஒருவர் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை.

நண்பரின் 308 கதை உண்மையாகவே இருக்கட்டும். 1975-இல் வந்த அந்தக் காரில் வி8 என்ஜின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. பெல்ட்டுகள் இரண்டும் இருக்கும் முகம் வலது பின்சக்கரத்தைப் பார்க்கிறது. சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கத் தகட்டை எடுத்தால் கை போகும். நானும் அப்படித்தான் மாற்றுகிறேன். 1989-இல் வந்த 348-இல் அதே வி8 வம்சத்து என்ஜினை நீளவாட்டில் திருப்பி வைத்தார்கள். பெல்ட் முகம் இப்போது இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. தொழிற்சாலை சொன்ன வழி, பின்பக்க சப்-ஃபிரேமோடு என்ஜினைக் கீழே இறக்குவது. டெஸ்டரோசாவிலும் அதே வழிதான். அதில் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், அதன் அடிவயிற்றிலேயே கியர்பாக்ஸ். ஒரு காரில் என்ஜின் குறுக்கே கிடக்கிறதா நெடுக்கே கிடக்கிறதா என்று பார்க்காதவர், அதைத் தொட்டு வேலை செய்பவனைத் திருடன் என்று எழுதலாமா?

இடம் ஏன் இல்லை என்பதையாவது அவர் யோசித்திருக்கலாம். லம்போர்கினி மியூராவை எடுத்துக்கொள்வோம். 1965-இல் டூரின் கண்காட்சியில் உடல் பூட்டாத வெறும் சட்டகமாகவே அதைக் காட்டினார்கள். ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டன்ஸானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் மூவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள். நாலு லிட்டருக்குச் சற்றே குறைந்த வி12 என்ஜினை ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வைக்க வேண்டும். வண்டியும் குட்டையாக இருக்க வேண்டும். நெடுக்கே வைத்தால் நீளம் போதாது. எனவே குறுக்கே போட்டு, கியர்பாக்ஸையும் என்ஜினையும் ஒரே வார்ப்பில் செய்தார்கள். எடை நடுவில் இருந்தால் வண்டி வளைவில் சட்டென்று திரும்பும். அதற்குத்தான் இத்தனை பாடு. இதைச் சோம்பேறித்தனம் என்றும் மெத்தனம் என்றும் கட்டுரை சொல்கிறது. இல்லை. எதை விட்டு எதை எடுப்பது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

அந்த முடிவுக்கு விலை இல்லாமலில்லை. மியூராவில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். கியரில் உதிர்ந்த இரும்புத் துகள் பேரிங்குக்குப் போகக்கூடும். கடைசிக் காலத்து எஸ்வி கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள். என்ஜின் தலைமேல் நான்கு வெபர் கார்ப்பரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய். அங்கே கசிந்த பெட்ரோல் சூட்டில் சொட்டித் தீப்பிடித்து எரிந்த மியூராக்கள் உண்டு. நெருக்கமான என்ஜின் அறையில் கண்ணுக்கு மறைந்த ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மெக்கானிக்கை இத்தாலியர் நினைத்துப் பார்த்ததே கிடையாது என்கிறாரே, அதுவும் பொய். லான்சியா ஸ்ட்ராட்டோஸில் இருப்பது ஃபெராரி டீனோவின் அதே வி6 தான், அதே குறுக்குவாட்டில்தான். ஆனால் பின்பக்க உடல் முழுவதும் ஒரே மூடியாகத் திறந்துகொள்ளும். ராலியில் வழியோரத்தில் நின்று நிமிடக் கணக்கில் வேலை முடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலக ராலிப் பட்டத்தை லான்சியாவுக்கு வாங்கிக் கொடுத்தது அந்தக் கார்.

இனி அவர் 'சாக்கு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிய வேலையைச் சொல்கிறேன். 308-இல் முன்வரிசை நான்கு சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், என்ஜினுக்கும் தகட்டுச் சுவருக்கும் இடையில் இருக்கிறது. அங்கே ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. இடது கை விரல் நுனியால் தடவித்தான் நட்டின் முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ராட்செட் ஒரு 'டிக்' மட்டும் திரும்பும். பிறகு பிடியை மாற்றி, மறுபடி ஒரு 'டிக்'. முழங்கையின் உள்பக்கம் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். பல வருடம் சூட்டில் வெந்து துருவேறிய ஸ்டட் அது. கொஞ்சம் அவசரப்பட்டால் முறிந்து பாதி அலுமினிய ஹெட்டுக்குள் நின்றுவிடும். பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டும். ட்ரில் நேராக நிற்க இடமில்லை. கோணம் தப்பினால் மரை போச்சு, ஹெட்டே போச்சு. அந்த ஒரு நட்டுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் காலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலைக்கு நான் வாங்கிய கூலியைத்தான் அவர் கொள்ளை என்கிறார்.

இறக்கிய என்ஜினில் பெல்ட்டை மட்டுமா மாற்றுகிறோம்? டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், கேம் ஷாஃப்ட் ஆயில் சீல், வெடித்த பெட்ரோல் ஹோஸ் என்று இடத்தில் இருக்கும்போது கைக்கும் கண்ணுக்கும் எட்டாதவை அத்தனையும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்தே கெடுக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும். வளைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். வளைத்துப் பார்க்கக் கை போக வேண்டுமல்லவா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெல்ட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது 348-இன் குறைதான். அதை நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். ஃபெராரியே உணர்ந்தது: 1999-இல் வந்த 360 மோடனாவில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு திறப்பு வைத்தார்கள், என்ஜினை இறக்காமலே பெல்ட் மாற்றலாம். 2004-இல் வந்த எஃப்430-இல் பெல்ட்டையே விட்டுச் சங்கிலிக்கு மாறினார்கள். குறை இருந்தது, திருத்தினார்கள். திருத்துவதற்கு முன் செய்த கார்களைப் பேனாவால் திருத்த முடியாது.

ஓடாத வண்டிக்குப் பெல்ட் வேண்டாம் என்ற அறிவுரைக்கு வருகிறேன். ரப்பர் கிலோமீட்டரை மட்டும் எண்ணிக் கெடுவதில்லை, வயதாலும் கெடுகிறது. மாதக்கணக்கில் ஒரே வளைவில் அழுந்தி நிற்கும் பெல்ட் அந்த இடத்திலேயே இறுகிப்போகிறது. டென்ஷனர் பேரிங்கின் கிரீஸ் காய்கிறது. இந்த என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ, திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் தலை அடிபடும். பெல்ட் வேலையின் கூலியைப் போல் பல மடங்கு அதற்குச் செலவாகும். அப்போதும் என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் கட்டுரையாளர் வாசகர் தலையில் கட்டியது இதைத்தான். இந்த அறிவுரையை அடுத்த இதழிலேயே அவர் திரும்பப் பெற வேண்டும்.

அதுவரை காத்திருக்காதீர்கள். உங்கள் காரின் பெல்ட் எந்த வருடம் மாறியது என்று சொல்லும் பில்லைத் தேடி எடுங்கள். பில் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் ட்ரக்கில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.